பைபாஸ் முடிந்த மறுநாள் ட்ரோபோனின் 4,100: பயப்பட வேண்டிய எண் எது?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு வயது 64, எடை 58 கிலோ. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மூன்று குழாயிலும் அடைப்பு. ஆறு வாரத்தில் கோலாலம்பூரில் பைபாஸ். ரத்தப் பரிசோதனைத் தாளில் கிரியேட்டினின் 128, என்டி-ப்ரோபிஎன்பி 1,850, ஹீமோகுளோபின் 10.8, எச்பிஏ1சி 8.9 என்று இருக்கிறது. போன மாதம் எதிர்வீட்டுப் பெரியப்பாவுக்கு இதே ஆபரேஷன். மறுநாள் ட்ரோபோனின் 4,100 என்று வந்தது. நார்மல் 26 என்று தெரிந்ததும் வீடே அழுதது. இப்போது அவர் காலையும் மாலையும் திடலைச் சுற்றி நடக்கிறார். அப்படியானால் இந்த எண்களுக்கு என்னதான் அர்த்தம்? ரத்தத்தைப் பார்த்து அப்பா பிழைப்பாரா என்று சொல்ல முடியுமா?"

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒருவர் பிழைப்பாரா என்று எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்லாது. இவரைப் போன்ற நூறு பேரில் எத்தனை பேருக்குச் சிக்கல் வரும் என்பதைத்தான் சொல்லும். இந்த வேறுபாடு தெரியாமல்தான் பல வீடுகளில் தேவையில்லாத அழுகை. 'இந்த எண் கூடினால் ஆபத்து மூன்று மடங்கு' என்று எங்காவது படித்தால், எதிலிருந்து மூன்று மடங்கு என்று கேளுங்கள். நூற்றுக்கு 2 என்பது 6 ஆனாலும் அது மூன்று மடங்குதான். அப்போதும் 94 பேர் வீடு திரும்புகிறார்கள். ஆனால் அந்த 6 பேரில் நம் அப்பா இருக்கக்கூடாது என்றால் என்ன செய்யலாம் என்று யோசிக்கும்போதுதான் இந்த எண்களுக்குப் பயன் வருகிறது. உங்கள் கையில் ஆறு வாரம் இருக்கிறது. தாளில் உள்ள நான்கு எண்களில் மூன்றை ஓரளவாவது நகர்த்த முடியும்.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. இணையத்தில் தமிழில் தேடினால் பெரும்பாலும் இந்தியக் கணக்குதான் வரும். அங்கே கிரியேட்டினினும் சர்க்கரையும் டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று எழுதப்படும். நம் நாட்டுத் தாளில் கிரியேட்டினின் மைக்ரோமோலிலும் சர்க்கரை மில்லிமோலிலும் வரும். '1.2க்கு மேல் போனால் கெட்டது' என்று படித்துவிட்டு 128ஐப் பார்த்தால் யாருக்கும் தலை சுற்றும். கிரியேட்டினினை 88.4ஆல் வகுக்க வேண்டும். அப்பாவின் 128 அங்கே 1.45. சர்க்கரைக்கு 18ஆல் பெருக்க வேண்டும்; நம் 10 அங்கே 180. ட்ரோபோனினிலும் இதே குழப்பம் உண்டு. மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் என்பது லிட்டருக்கு 1,000 நானோகிராம். பழைய தாளில் 4.1 என்றும் புதிய தாளில் 4,100 என்றும் இருந்தால் இரண்டும் ஒன்றே.

இனி எதிர்வீட்டுப் பெரியப்பாவின் ட்ரோபோனின். இது இதயத் தசைக்குள் இருக்கும் புரதம். தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும். நெஞ்சுவலி என்று அவசரப் பிரிவுக்கு வருபவருக்கு 26ஐத் தாண்டினாலே டாக்டர் நிமிர்ந்து உட்காருவார். ஆனால் பைபாஸில் அறுவை மருத்துவர் இதயத்தைக் கையால் தூக்கித் திருப்புகிறார், பெருநாடியை இடுக்கியால் அடைக்கிறார், குளிர்ந்த பொட்டாசியக் கரைசலை ஊற்றி இதயத்தை நிறுத்துகிறார், குழாய் செருக மேல் அறையில் துளை போடுகிறார், முடிந்ததும் சில நேரம் மின்அதிர்ச்சி கொடுத்து ஓட வைக்கிறார். இவ்வளவும் நடந்த பிறகு ட்ரோபோனின் ஏறாமல் இருந்தால்தான் வியப்பு.

எவ்வளவு ஏறினால் கவலை என்பதில் பல ஆண்டு தகராறு. மாரடைப்பைப் பற்றிய உலகப் பொது வரையறை 10 மடங்கு என்றது, கூடவே இசிஜியிலோ எக்கோவிலோ ஆஞ்சியோவிலோ சான்று வேண்டும் என்றது. வேறு நிபுணர் குழுக்கள் 35 மடங்கு, 70 மடங்கு என்றன. 2022இல் 12 நாடுகளில் 24 மருத்துவமனைகளில் 13,862 நோயாளிகளைப் பின்தொடர்ந்த விஷன் ஆய்வின் முடிவு வந்தபோதுதான் அந்தக் கோடுகள் எவ்வளவு தாழ்வாகப் போடப்பட்டிருந்தன என்று தெரிந்தது. பைபாஸ் மட்டுமோ பெருநாடி வால்வு மாற்றம் மட்டுமோ செய்தவர்களில், முதல் நாளுக்குள் 5,670ஐத் தாண்டியபோதுதான் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு தெளிவாகக் கூடியது. அது நார்மலைப் போல 218 மடங்கு. மற்ற இதய அறுவைகளில் கோடு இன்னும் உயரே, 12,981. இரண்டாம் மூன்றாம் நாளில் எடுத்த ரத்தத்துக்குக் கோடு வேறு: முதல் வகைக்கு 1,522, மற்றவற்றுக்கு 2,503. பெரியப்பாவின் 4,100 முதல் நாளில் வந்தது, அதாவது ஏறக்குறைய 158 மடங்கு. கோட்டுக்குக் கீழேதான். அதே 4,100 மூன்றாம் நாளில் வந்திருந்தால் கதை வேறு. எண் ஒன்றுதான், எந்த மணியில் எடுத்தது என்பதில்தான் பொருள் இருக்கிறது.

அந்த எண்களை உங்கள் அப்பாவுக்கு அப்படியே பொருத்தவும் கூடாது. ட்ரோபோனின் 'ஐ', ட்ரோபோனின் 'டி' என்று இரண்டு உண்டு. விஷன் ஆய்வில் அளந்தது அபோட் நிறுவனக் கருவியில் பார்க்கும் 'ஐ' வகை. 'டி' வகைக்கு நார்மல் 14. அதன் ஏற்ற இறக்கமும் வேறு, சிறுநீரகம் மந்தமானவர்களுக்கு அறுவைக்கு முன்பே உயர்ந்திருக்கும். ஆகவே தாளில் முதலில் பார்க்க வேண்டியது எந்த வகை, நார்மல் எல்லை எவ்வளவு என்ற இரண்டையும். அறுவைக்கு முன் எடுத்த அளவு ஒன்று கையில் இருந்தால் இன்னும் நல்லது.

டாக்டர்கள் உண்மையில் தேடுவது ஏறி இறங்கும் போக்கு. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் உச்சம் தொட்டு இறங்கும். இறங்க வேண்டிய நேரத்தில் மறுபடி ஏறினால், அடைப்பைச் சுற்றி ரத்தம் போக ஒட்டிய புதுக் குழாய் ஒன்று அடைத்துக்கொண்டதா, மடங்கிவிட்டதா என்று சந்தேகிப்பார்கள். அப்போது இசிஜி, எக்கோ, தேவைப்பட்டால் அவசர ஆஞ்சியோ. இசிஜி மாறவில்லை, எக்கோவில் எல்லாச் சுவரும் அசைகின்றன, ரத்த அழுத்தம் நிற்கிறது என்றால், தனியாக ஒரு பெரிய ட்ரோபோனின் எண்ணுக்காக யாரும் நெஞ்சைத் திரும்பத் திறக்க மாட்டார்கள்.

உங்கள் தாளுக்கு வருவோம். நான்கில் என்னைக் கவலைப்பட வைப்பது கிரியேட்டினின். பார்ப்பதற்கு 128 'கொஞ்சம் கூட' என்றுதான் தோன்றும், பலர் அப்படியே விட்டுவிடுவார்கள். கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, அதைச் சிறுநீரகம்தான் வெளியேற்றும். அப்பா 58 கிலோ, வயது 64, தசை குறைவு. தசை குறைந்தவருக்கு 128 என்றால் சிறுநீரகம் நன்றாகவே தளர்ந்திருக்கிறது. கணக்கு எளிது: 140இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, ஆணுக்கு 1.23ஆலும் பெண்ணுக்கு 1.04ஆலும் பெருக்கி, கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். 76 பெருக்கல் 58 பெருக்கல் 1.23, வகுத்தல் 128. விடை நிமிடத்துக்கு 42 மில்லி. 85க்கு மேல் இருந்தால் நல்லது. 50க்குக் கீழே போனால் ஆபத்துப் பட்டியலில் பெயர் ஏறும்.

எந்தப் பட்டியல்? யூரோஸ்கோர் 2. இதய அறுவைக்கு முன் பல இடங்களில் போடும் மதிப்பெண் இது. 43 நாடுகளின் 154 மருத்துவமனைகளில் 22,381 பேரை வைத்து உருவாக்கி 2012இல் வெளியிட்டார்கள். வயது, பால், நடமாட்டம், நுரையீரல் நோய், இதயத்தின் தள்ளுதிறன், அவசரமா இல்லையா என்று 18 விஷயங்களைக் கேட்கும். அத்தனையிலும் ரத்தத்திலிருந்து எடுப்பது ஒன்றே ஒன்று, மேலே போட்ட அந்தச் சிறுநீரகக் கணக்கு. ட்ரோபோனின் இல்லை, பிஎன்பி இல்லை, ஹீமோகுளோபின்கூட இல்லை. டாக்டர் உங்களிடம் 'நூற்றுக்கு இத்தனை' என்று சொன்னால், அது பெரும்பாலும் இந்த மாதிரி மதிப்பெண்ணிலிருந்து வந்தது. அப்பாவின் ரத்தசோகை அந்த எண்ணுக்குள் அடங்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

128 எந்த நாளில் எடுத்தது என்று பாருங்கள். ஆஞ்சியோ செய்தபோது உள்ளே விட்ட சாயம் சிறுநீரகத்தைத் தாக்கும். கிரியேட்டினின் இரண்டு மூன்று நாளில் ஏறி, ஐந்தாம் நாள்வாக்கில் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கும். ஆஞ்சியோவுக்கு மூன்றாம் நாள் எடுத்த ரத்தம் என்றால் 128 அப்பாவின் உண்மையான அளவு இல்லாமல் இருக்கலாம். ஒரு வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அடுத்தது வலி மாத்திரை. வருடக்கணக்கில் குலை வெட்டி, தூக்கி, முதுகு போனவர்கள் தினமும் ஒன்று போட்டுக்கொள்வது தோட்டத்தில் சாதாரணம். டைக்ளோஃபினாக், மெஃபெனமிக் ஆசிட் வகை எல்லாம் சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் வழியைச் சுருக்கும். டாக்டரிடம் கேட்டுவிட்டுப் பாரசிட்டமோலுக்கு மாறச் சொல்லுங்கள். பசார் மாலாமில் வாங்கும் மூட்டுவலி ஜாமு, மாஜுன் போன்ற நாட்டு மருந்துகள் இருந்தால் மறைக்காமல் எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். இவற்றில் சிலவற்றில் டெக்சாமெதசோன் என்னும் ஸ்டீராய்டைக் கலக்கிறார்கள் என்று சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. அது சர்க்கரையை ஏற்றும். அதைவிடப் பெரிய கேடு, மாதக்கணக்கில் சாப்பிட்டவருக்கு உடலின் சொந்த ஸ்டீராய்டு சுரப்பு தூங்கிப் போயிருக்கும். அறுவை மேசையில் ரத்த அழுத்தம் காரணம் தெரியாமல் சரியும். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, அதனால்தான் டாக்டருக்குத் தெரிய வேண்டும். பெலிம்பிங் என்னும் நட்சத்திரப் பழமும் வேண்டாம். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது மூளை வரை போய்த் தாக்கும் நஞ்சு.

ஹீமோகுளோபின் 10.8. ஆணுக்கு 13க்குக் கீழே போனாலே சோகை. பைபாஸில் இது ஏன் உறுத்துகிறது என்பதற்கு ஒரு கணக்கு போதும். 58 கிலோ உடலில் ரத்தம் சுமார் 4 லிட்டர். இதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களை நிரப்ப 1.2 லிட்டர் அளவு திரவம் தேவை, அது அப்படியே அப்பாவின் ரத்தத்தோடு கலக்கும். 10.8ஐ 4ஆல் பெருக்கி 5.2ஆல் வகுத்தால் 8.3. கத்தி வைத்து ஒரு சொட்டு ரத்தம் போகும் முன்பே இந்த நிலை. 7.5க்குக் கீழே போகும்போது ரத்தம் ஏற்றினால் போதும் என்று 5,000க்கு மேற்பட்டோரை வைத்து நடந்து 2017இல் வெளியான டிரிக்ஸ்-3 ஆய்வு காட்டியது. அந்த இடத்துக்கு அப்பா எளிதில் வந்துவிடுவார்.

ஆகவே உடலில் இரும்பு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் நிறைவு இரண்டையும் இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். ஃபெரிட்டின் 100க்குக் கீழே, அல்லது நிறைவு 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு என்று எடுத்துக்கொள்வார்கள். மாத்திரையைவிட நரம்பில் ஏற்றும் இரும்பு விரைவு. இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பலன் தெரியும். ஆறு வாரம் இருக்கிறது என்றேன் அல்லவா, அதில் முதல் வாரமே இதற்குத்தான் முக்கியம். கடைசி வாரத்தில் கேட்டால் பயனில்லை. 64 வயது ஆணுக்கு இரும்பு ஏன் குறைந்தது என்ற கேள்வியும் சேர்ந்தே வர வேண்டும். ஆஸ்பிரின் சாப்பிடுபவருக்கு வயிற்றில் புண் கசியலாம், மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேளுங்கள். ரத்த அணு சிறுத்திருக்கிறது, ஃபெரிட்டின் சரியாக இருக்கிறது என்றால் பரம்பரையாக வரும் தலசீமியா என்னும் ரத்தக் குறைபாட்டின் கூறு இருக்கலாம், நம் நாட்டில் அது அரிதல்ல. அவருக்கு இரும்பு கொடுத்துப் பயனில்லை.

எச்பிஏ1சி 8.9 நம்மவர்களிடம் அடிக்கடி காணும் எண். 2019இன் தேசிய உடல்நல ஆய்வில் வயது வந்த மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கும், அவர்களுள் இந்திய வம்சாவளியினரில் 31.4 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு இருந்தது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு நெஞ்செலும்புப் புண் ஆறாமல் சீழ் வைக்கும் வாய்ப்பு கூடும். இந்த எண் 8 முதல் 12 வாரச் சர்க்கரையின் சராசரி என்பதால் ஆறு வாரத்தில் முழுவதும் மாறாது. மாறவில்லை என்று சோர வேண்டாம். வீட்டுக் கருவியில் காலைச் சர்க்கரை ஒழுங்காக 6க்கும் 8க்கும் இடையில் வந்தால் வழி சரி. எச்பிஏ1சியை மட்டும் நம்பவும் வேண்டாம்: இரும்புக் குறைவு அதைப் பொய்யாக ஏற்றும், ரத்தம் ஏற்றியிருந்தால் பொய்யாக இறக்கும்.

எம்பாகிளிப்ளோசின், டாபாகிளிப்ளோசின் என்ற பெயரில் மாத்திரை இருந்தால் மருந்துப் பையிலிருந்து அதைத் தனியே எடுத்துக் காட்டுங்கள். அறுவைக்குக் குறைந்தது 3 நாள் முன் அதை நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாவிட்டால், சர்க்கரை சாதாரணமாகவே இருக்கும்போது ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறும். சர்க்கரையைப் பார்த்தவர்கள் 'எல்லாம் சரி' என்று விட்டுவிடுவார்கள், அதுதான் அதன் சூழ்ச்சி. அறுவை முடிந்தும் மூச்சு வேகமாக வாங்கினால், கீட்டோனைப் பார்த்தார்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

என்டி-ப்ரோபிஎன்பி 1,850 என்றால் இதயச் சுவர் இழுபடுகிறது என்று பொருள். வெளிநோயாளிக்கு 125க்குள் இருந்தால் நிம்மதி. அறுவைக்கு முன் இது உயர்ந்திருப்பவர்கள் தீவிரப் பிரிவில் கூடுதல் நாள் இருக்கிறார்கள், இதயத் துடிப்பு தாறுமாறாவதும் அதிகம். ஆனால் அப்பாவின் எண்ணில் ஒரு பங்கு சிறுநீரகத்தின் வேலை. இதை வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்கும் பங்குண்டு, அது தளர்ந்தால் தேங்கும். வயதும் ஏற்றும். குண்டானவர்களுக்கு நேர்மாறாக, இதயம் களைத்திருந்தாலும் எண் குறைவாகவே காட்டும். எக்கோவில் தள்ளுதிறன் எத்தனை விழுக்காடு என்பதோடு சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். கால் வீக்கம், படுத்தால் மூச்சுத்திணறல் இருந்தால் நீர்மாத்திரையைச் சரிசெய்து, அறுவைக்கு முன் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். இறங்கினால் நல்ல அறிகுறி. இடையில் பரிசோதனையின் பெயர் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்: வெறும் பிஎன்பி வேறு, என்டி-ப்ரோபிஎன்பி வேறு, ஒன்றை மற்றதோடு ஒப்பிட முடியாது. சக்குபிட்ரில் கலந்த இதய மாத்திரை சாப்பிடுபவருக்கு பிஎன்பி மருந்தாலேயே ஏறும், என்டி-ப்ரோபிஎன்பி அப்படி ஏறாது.

ரத்தம் எடுப்பதிலும் தவறு நடக்கும், நம் ஊர் மாதிரி இடங்களில் கூடுதலாகவே. கிளினிக்கில் காலையில் எடுத்த ரத்தம் வேனில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர நேரமாகும். சாம்பல் மூடிக் குழாயில் எடுக்காத சர்க்கரை மணிக்கு மணி இறங்கிக்கொண்டே வரும், குழாய்க்குள் இருக்கும் அணுக்களே அதைத் தின்றுவிடும். சிவப்பணு உடைந்தால் பொட்டாசியம் பொய்யாக ஏறும். தாளில் ரத்தம் உடைந்தது என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் மறுபடி எடுப்பதே சரி. டிரிப் ஏறும் கையிலிருந்து எடுத்தால் ஹீமோகுளோபின் குறைந்தும், சர்க்கரை டிரிப்பைப் பொறுத்து எகிறியும் காட்டும். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் பயோட்டின் மாத்திரையை அதிக அளவில் சாப்பிட்டால் சில கருவிகளில் ட்ரோபோனின் பொய்யாகக் குறையும். வீட்டில் யாராவது 'சத்து மாத்திரை' என்று கொடுத்துக்கொண்டிருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

இனி அறுவை முடிந்த பிறகு. தீவிரப் பிரிவுக்கு வந்த முதல் சில மணி நேரத்தில் மிஸ்ஸிகளின், அதாவது தாதியரின், கண் லாக்டேட் மீது இருக்கும். உடலின் மூலைமுடுக்குக்குப் போதிய ரத்தம் போகிறதா என்று காட்டும் அளவு அது. 2க்குக் கீழே நல்லது. வந்தவுடன் 3 அல்லது 4 இருந்து, ஆறு மணி நேரத்தில் இறங்கிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. அட்ரினலின் சொட்டு மருந்து ஓடினாலும் ஏறும், மருந்தைக் குறைத்ததும் இறங்கும். இறங்கிய லாக்டேட் மறுபடி ஏறுவது, அதிலும் வயிறு உப்பி வலியோடு ஏறுவது, தாமதிக்கக்கூடாத அறிகுறி: குடலுக்கு ரத்தம் நின்றிருக்கலாம்.

கிரியேட்டினின் முதல் நாள் காலை குறைந்து வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். இயந்திரத் திரவம் கலந்து எல்லாமே நீர்த்திருக்கும். 128 இருந்தவருக்கு 110 என்று வரலாம், சிறுநீரகம் குணமாகிவிட்டதாக அதற்குப் பொருள் இல்லை. முதல் நாளில் நம்பத்தக்கது சிறுநீர்ப் பை. கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி, அப்பாவுக்கு 29 மில்லி. ஆறு மணி நேரம் தொடர்ந்து அதற்குக் கீழே போனால் சிறுநீரகம் அடிபட்டதாகக் கணக்கு. ரத்தத்தில் என்றால் 48 மணி நேரத்துக்குள் 26.5 கூடுவது, அதாவது அப்பாவுக்கு 155 அளவு. அல்லது ஏழு நாளுக்குள் ஒன்றரை மடங்கு, 192. அடிபட்டதைக் கிரியேட்டினின் ஒன்றிரண்டு நாள் தாமதமாகத்தான் சொல்லும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் என்ஜிஏஎல், சிறுநீரில் பார்க்கும் டிம்ப்-2, ஐஜிஎஃப்பிபி-7 போன்றவை வந்தன. சில மணி நேரத்திலேயே காட்டிவிடும். ஜெர்மனியில் 276 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், சிறுநீர்ச் சோதனையில் ஆபத்து தெரிந்தவர்களுக்கு மட்டும் திரவம், ரத்த அழுத்தம், சர்க்கரை, கெடுதல் மருந்துகளை நிறுத்துவது என்று ஒழுங்காகக் கவனித்தார்கள். சிறுநீரகக் காயம் 71.7 விழுக்காட்டிலிருந்து 55.1க்கு இறங்கியது. முன்கூட்டிச் சொல்லும் சோதனை செயலோடு சேர்ந்தால் மட்டுமே காப்பாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் காணவில்லை. அந்தச் சோதனை இல்லாத இடத்திலும் அதே கவனிப்பை அப்பாவுக்குக் கொடுக்கலாம். அவர் 42 மில்லிக்காரர், ஆபத்து உள்ளவர் என்பது முன்பே தெரியுமே.

எஸ்டி-2, கலெக்டின்-3, ஜிடிஎஃப்-15 என்று புதிய பெயர்களைப் படித்துவிட்டு 'அதையும் எடுக்கலாமா' என்று சிலர் கேட்கிறார்கள். வயது, சிறுநீரகம், தள்ளுதிறன் தெரிந்த பிறகு இவை கூட்டும் வெளிச்சம் சிறிது. பணத்தை வேறு எதற்காவது வையுங்கள்.

பிளேட்லெட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் நாட்டில் பிளேட்லெட் குறைந்தால் எல்லாருக்கும் டெங்கிதான் நினைவுக்கு வரும். பைபாஸ் முடிந்தவருக்கு இயந்திரத்தில் அடிபட்டும் நீர்த்தும் பிளேட்லெட் பாதியளவு குறைவது வழக்கம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் அடிமட்டம், பிறகு தானாக ஏறும். பப்பாளி இலைச் சாறு பிழிந்து எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போகாதீர்கள். ஆனால் ஏறத் தொடங்கியது ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் மறுபடி பாதியாகச் சரிந்தால் அது வேறு நோய்: ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த ஹெப்பாரினுக்கு எதிராக உடல் கிளம்பிவிட்டது. நூற்றில் ஒன்றிலிருந்து மூன்று பேருக்கு வரும். பிளேட்லெட் குறைந்தாலும் இதில் ஆபத்து ரத்தக் கசிவைவிட உறைவதில்தான். கால், நுரையீரல், ஒட்டிய குழாய் எங்கும் கட்டி தட்டலாம். அன்று ஹெப்பாரினை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்ற வேண்டும். வீட்டுக்கு அனுப்பிய பிறகு இப்படி நேர்ந்தால், நம் ஊர் கிளினிக்கில் டெங்கி என்று எழுதிவிட வாய்ப்பு உண்டு. 'பத்து நாளுக்குள் இதய அறுவை, ஹெப்பாரின் கொடுத்தார்கள்' என்ற வரியை முதலில் சொல்லுங்கள்.

உடலின் அழற்சியைக் காட்டும் சிஆர்பி இரண்டு மூன்று நாளில் 200ஐத் தாண்டுவது புதிதல்ல. நெஞ்சைப் பிளந்ததற்கு உடல் காட்டும் எதிர்ப்பு அது. கிருமி என்று நினைத்துவிட வேண்டாம். இறங்கி, ஐந்தாம் நாளுக்குப் பிறகு மறுபடி ஏறினால்தான் புண், நுரையீரல், சிறுநீர் என்று தேட வேண்டும். புரோகால்சிட்டோனின் கிருமியைக் கொஞ்சம் தெளிவாகக் காட்டும், சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அதுவும் உயர்ந்தே நிற்கும்.

துடிப்பு தாறுமாறாவது இரண்டாம் மூன்றாம் நாளில் அதிகம், பைபாஸ் செய்தவர்களில் நான்கில் ஒருவருக்காவது வரும். முன்பெல்லாம் பொட்டாசியம் 4.5க்குக் கீழே வந்தாலே ஏற்றினார்கள். 2024இல் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் 1,690 பேரிடம் பார்த்ததில், 3.6க்குக் கீழே போகும்போது மட்டும் கொடுத்தவர்களுக்குத் துடிப்புக் கோளாறு கூடவில்லை. மிஸ்ஸி 4.1ஐப் பார்த்துவிட்டு ஒன்றும் கொடுக்கவில்லை என்று வருந்த வேண்டாம். நீங்களாக இளநீரும் வாழைப்பழமும் கொண்டுபோய்க் கொடுக்கவும் வேண்டாம். 42 மில்லி சிறுநீரகத்துக்குப் பொட்டாசியம் கூடுவதே பெரிய பயம்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் அன்றைய கிரியேட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின், பிளேட்லெட் நான்கையும், காலையில் நிறுத்த எடையையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கோலாலம்பூரில் எடுத்த முடிவு சுங்கை சிப்புட் ஆஸ்பத்திரித் திரையிலோ ஈப்போவிலோ தெரியும் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தத் தாள் இல்லாமல் இங்குள்ள டாக்டர் 150 என்ற கிரியேட்டினினைப் பார்த்தால், அது 190இலிருந்து இறங்கி வந்ததா, 128இலிருந்து ஏறி வந்ததா என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒன்று முதல் இரண்டு வாரத்தில் கிளினிக்கில் சிறுநீரகமும் பொட்டாசியமும் மறுபடி பாருங்கள், ரத்த அழுத்த மாத்திரையோ நீர்மாத்திரையோ புதிதாகத் தொடங்கியிருந்தால் கட்டாயம். எடை மூன்று நாளில் 2 கிலோ கூடினாலும், இருமும்போது நெஞ்செலும்பு டக்கென்று ஒலித்தாலும், தையலில் ஈரம் கசிந்தாலும் ரத்த முடிவுக்காகக் காத்திருக்காமல் அன்றே அழைத்துக்கொண்டு போங்கள்.